கழற்றி வைத்த ரோட்டர்

“இரும்புக்காரன் வெள்ளிக்கிழமை விடியவே வாறானாம் எண்டு உன்ட அம்மாட்டச் சொல்லு.”

கனகசிங்கம் இதைச் சொன்னது மகள் மேனுகாவுக்கு. புஸ்பம் நின்றதோ அவருக்கு இரண்டு முழம் தள்ளி, அடுப்படி வாசலில். அவளுக்கு என்ன காது செவிடா? நன்றாகவே கேட்டது. ஆனாலும் வீட்டு வழக்கப்படி மேனுகா தாயின் பக்கம் திரும்பி, “அம்மா, இரும்புக்காரன்…” என்று தொடங்கினாள். புஸ்பம் கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் தேத்தண்ணியை மகளிடம் கொடுத்தாள். மகள் அதைத் தகப்பனிடம் கொடுத்தாள். கை மாறி வந்த தேத்தண்ணியை அவர் முற்றத்தைப் பார்த்தபடி குடித்தார்.

இப்படி ஆறு வருசம். சுனாமி அடித்த அன்று மூடிய வாய், சண்டை ஓய்ந்து ஒன்றரை வருசமாகியும் திறக்கவில்லை. இத்தனைக்கும் மண்டூரில் இருந்த அந்த வீடும் வளவும் புஸ்பத்தின் சீதனம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவன். கனகசிங்கம் உடுப்புப் பெட்டியோடு ஒரு பிக்கப்பையும் ஓட்டிக்கொண்டு வந்தவர், அவ்வளவுதான் வித்தியாசம். முகம் கொடுத்துக் கதைக்காத புருசனுக்கு வேறொருத்தியாக இருந்தால் படலையைத் திறந்து வழியைக் காட்டியிருப்பாள். புஸ்பம் சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள், காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். தன் பக்க நியாயத்தை மட்டும் வாய் திறந்து சொன்னதில்லை.

பழைய இரும்பு வாங்கும் அந்த இரும்புக்காரனுக்குப் போகப்போவது அந்த பிக்கப்தான்.

அது வெள்ளைக்காரப் பட்டாளத்து வண்டி. அவர்கள் ஐம்பத்தேழில் திருகோணமலையை விட்டுப் போனபோது ஏலத்தில் விட்டதை, அவர்களிடம் சாரதியாக இருந்த கனகசிங்கத்தின் தகப்பன் எடுத்தார். முன்னுக்கு மூன்று பேர் நெருங்கி இருக்கலாம். பின்தட்டில் பத்து மூட்டை நெல் ஏற்றலாம். மேல் உடம்பு அலுமினியம், கறள் பிடிக்காது. அடிச்சட்டம் இரும்பு, அதை வாவிக்கரை உப்புக்காற்று சும்மா விடாது. சண்டைக்காலத்தில் பச்சை நிறத்தைக் கண்டால் இந்தப் பக்கமும் சுடும் அந்தப் பக்கமும் சுடும் என்று கனகசிங்கம் அதற்கு நீலம் அடித்தார். புதுப் பற்றரி கொண்டுவரத் தடை வந்தபோது, பழையதின் மிச்ச உயிரை நம்பி முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றி ஸ்டார்ட் பண்ணினார். பெற்றோல் கிடைக்காதபோது ஒரு போத்தல் மூடி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார். பிள்ளைத்தாய்ச்சிகளும் பாம்பு கடித்தவர்களும் ஏறிப்போய் உயிரோடு திரும்பி வந்த வண்டி அது. அவர் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கையை நீட்டினால், எந்த அளவு ஸ்பேனர் என்று சொல்லுமுன்னே புஸ்பம் கையில் வைப்பாள். இருபது வருசம் அப்படி வைத்தவள்.

இப்போது அதைத் தொலைத்துவிட அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய தங்கை நேசம்மாவின் மகன் நிதுர்ஷன் வெள்ளிக்கிழமை விடுதலையாகிறான். ஆயுதம் தூக்கிப் போனவன். சண்டை முடிய வன்னியில் சரணடைந்து புனர்வாழ்வு முகாமில் இருந்தவன். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார், தாய் சுனாமியோடு போனாள். அவன் வந்து சேர மாமன் வீடு ஒன்றுதான் மிச்சம். அவன் இந்த வளவுக்குள் கால் வைக்கும்போது அந்த வண்டி இங்கே நிற்கக் கூடாது என்று கனகசிங்கம் மகளிடம் சொன்னார்.

“தாய்ட உசிரக் குடிச்ச சாமானக் காட்டியா நான் அந்தப் பொடியன வீட்டுக்குள்ள கூப்பிடுற?”

அடுப்பில் கிடந்த ரொட்டியைப் புஸ்பம் வெறுங்கையால் திருப்பிப் போட்டாள். சுட்டது அவளுக்கு உறைக்கவில்லை.

ஊருக்குத் தெரிந்த கதை இதுதான். 2004 மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. நேசம்மாவின் வீடு வாவிக்கு அந்தப் பக்கம், கல்லாற்றில், கடலுக்குக் கிட்ட. அலை அடித்து, கூரைத் தகரம் வயிற்றில் வெட்டிய நேசம்மாவை யாரோ தோணியில் போட்டு, அண்ணன் இருக்கிற கரைக்கென்று வாவியைக் கடந்து மண்டூர்த் துறையில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஊரில் இருந்த வாகனம் பிக்கப் ஒன்றுதான். கனகசிங்கம் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார்… உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. பிளக் வயர்கள் போகிற மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ரோட்டர் இல்லை.

ரோட்டர் என்பது கட்டைவிரல் அளவான ஒரு கறுப்புச் சாமான். நாலு பிளக்குக்கும் நெருப்பைப் பங்குபோட்டுக் கொடுப்பது அதுதான். பட்டாளத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிற சாரதி, எதிரி ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்க அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வானாம். அதில்லாத வண்டியை எந்தக் கொம்பனாலும் எழுப்ப முடியாது. தகப்பன் சொல்லிக் கனகசிங்கத்துக்குத் தெரியும். கனகசிங்கம் சொல்லி வீட்டாருக்குத் தெரியும்.

புஸ்பம் அன்று விடியவே நாலு மைல் தள்ளியிருந்த வட்டைக்கு, தங்கள் வயலில் களை பிடுங்கப் போயிருந்தாள். ஆள் போய்ச் சொல்லி, அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரம்பு வரம்பாக ஓடிவந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ரோட்டரை நீட்டியபோது இரண்டு மணித்தியாலம் போயிருந்தது. பூட்டியதும் ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. வெல்லாவெளியைத் தாண்டவில்லை, பின்தட்டில் புஸ்பத்தின் மடியில் நேசம்மாவின் மூச்சு நின்றது.

“நீயா கழட்டினாய்?”

“ஓம்.”

அவர் கேட்டது அவ்வளவுதான், அவள் சொன்னதும் அவ்வளவுதான். மீதியைச் சொந்தக்காரர்கள் சொல்லி முடித்தார்கள். அதற்கு முதல் கிழமைதான், நேசம்மா வீட்டுக்கு நெல்லு மூட்டை மூட்டையாகப் போகிறது என்று புஸ்பம் கிணற்றடியில் நின்று புறுபுறுத்திருந்தாள். அந்த ஞாயிறும் கனகசிங்கம் தங்கைக்கு அரிசி கொண்டுபோக இருந்தார். அதைத் தடுக்கத்தான் ரோட்டரை முடிந்துகொண்டு வயலுக்குப் போயிருக்கிறாள். மச்சாள்காரியின் எரிச்சல் ஒரு உயிரைக் குடித்துவிட்டது! கதை அத்தனை பொருத்தமாக இருந்தது. எல்லாரும் நம்பினார்கள், கனகசிங்கமும் நம்பினார்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அவளைக் கூட்டிப்போகவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மார்கழி இருபத்தாறுக்கும் தகப்பனும் மகளும் கல்லாற்றுக் கடற்கரைக்குப் போய் நினைவிடத்தில் விளக்கு வைத்துவிட்டு வருவார்கள். புஸ்பம் வீட்டில் தனியே இருப்பாள். நேசம்மா அவளுக்கு மச்சாள் மட்டுமா? பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். புஸ்பத்தை அண்ணனுக்குக் கேட்டு முதன்முதல் இந்தப் படலையைத் திறந்து வந்ததே அவள்தான். அதெல்லாம் யாருக்கு நினைவு?

கனகசிங்கம் அன்றோடு வண்டியைத் தொடுவதை விட்டார். தொட்டவள் புஸ்பம்.

முதல் மாரியிலேயே டயர்கள் ஈர நிலத்தில் அழுந்தி வெடிக்கப் பார்த்தன. ஜக் வைத்து உயர்த்தி, நாலு மூலைக்கும் முதிரை மரக் குற்றி கொடுத்தாள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு கரண்டி ஒயில் விட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் முருகன் கோயிலுக்குப் போய்வந்து ஹாண்டிலை நாலு சுற்றுச் சுற்றுவாள். அப்போதுதான் எஞ்சின் உள்ளுக்குள் இறுகாது. ஹாண்டில் பிடிக்கவும் ஒரு முறை உண்டு. பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். வளைத்துப் பிடித்தால், எஞ்சின் திருப்பியடிக்கிற அன்று எலும்பு முறியும். அடிச்சட்டத்தைக் கம்பித் தூரிகையால் உரஞ்சிக் கழிவு ஒயில் பூசினாள். எலி கடித்த வயர்களை மாற்றினாள். ஆசனத்துக்குக் கீழே குளவி கூடு கட்டினால் புகை போட்டுக் கலைத்தாள். புஸ்பம் இரும்புக்குப் பூசை செய்கிறாள் என்று ஊரில் சிரித்தார்கள். செய்த பாவத்தைக் கழுவுகிறாள் என்று சொன்ன வாய்களும் உண்டு. அந்த வாய்களுக்கு நான் இங்கே பதில் சொல்லப்போவதில்லை.

ஏனம்மா இந்த வேலை என்று மேனுகா ஒருமுறை கேட்டாள். “ஒரு உசிர் போனது காணும் புள்ள. இதையும் சாகவிட்டா உன்ட அப்பாட்ட என்ன மிஞ்சும்?” என்றாள் புஸ்பம்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள். புஸ்பம் ஒரே ஒரு முடிவு எடுத்தாள். ஓடுகிற வண்டியை உடைத்து இரும்பாகப் போட அந்த மனிசனுக்கு மனம் வராது. கட்டையாக நின்றால்தான் வரும். ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன்னர் அது ஓட வேண்டும்.

மகளின் போனில் காத்தான்குடிக்குக் கதைத்தாள். பழைய வாகனச் சாமான் விற்கிற சாலிஹ் காக்கா மறுநாளே பையோடு துறை கடந்து வந்து இறங்கினார். கனகசிங்கத்தின் பழைய சிநேகிதர் அவர். பிறேக்குக்கு ரப்பர், நெருப்புப் பொறியைத் தட்டிவிடுகிற புதுப் பொயின்ற், நாலு பிளக், இரண்டு ரியூப், ஒரு பற்றரி. மனிசன் வந்த களைப்பிலேயே சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே போய்ப் படுத்தார். அடிச்சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

“ஓடுற வாகனத்தக்கூட இப்பிடி வெச்சிக்கிற ஆம்புளய நான் கண்டதில்ல புள்ள.”

ஆறு வருசத்தில் புஸ்பத்துக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. அவள் அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காக்காவுக்கு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றும் மறுநாளும் மழை விட்ட நேரமெல்லாம் வேலைதான். தாங்கியில் இருந்த பழைய பெற்றோல் பிசினாகிக் கிடந்தது. அதை இறக்கி மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினாள். காபரேட்டரைக் கழற்றி, கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொரு துண்டையும் சுளகில் அடுக்கினாள். நுணுக்கமான துவாரங்களுக்குள் கம்பி விட்டால் துவாரம் பெருத்துவிடும், எஞ்சின் பெற்றோலைக் குடிக்கும். அதனால் மீன்வலை நைலோன் நூலை விட்டு இழுத்தாள். பொயின்ற் இடைவெளியை அளக்கக் கனகசிங்கம் அரிசிக் கூப்பன் மட்டையைத்தான் செருகிப் பார்ப்பார். அவளும் அதையே செருகினாள். பிறேக்கில் காற்று எடுக்க மேனுகா பெடலை மிதிக்க, இவள் சில்லடியில் படுத்து, குமிழி வருவது நிற்கும்வரை திருகாணியைத் திறந்து திறந்து பூட்டினாள். கை முழுக்கக் கறுப்பு. சேலைக்கு மேல் புருசனின் பழைய சேட் ஒன்று. கண் மட்டும் தெளிவாக இருந்தது என்று மேனுகா பிறகு சொல்வாள்.

கனகசிங்கம் இதையெல்லாம் பார்க்காதவர்போல வயலுக்குப் போனார், வந்தார். புதன்கிழமை பின்னேரம் அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றபோது புஸ்பம் ஹாண்டிலைச் சுற்றினாள். மூன்றாம் சுற்றில் எஞ்சின் துள்ளி, காபரேட்டரால் டப் டப்பென்று வெடித்து, நின்றுபோனது. திரும்பவும் சுற்றினாள். திரும்பவும் வெடித்து நின்றது. நாலாம் தரம் கிணற்றடியிலிருந்து சத்தம் வந்தது.

“மேனுகா! ரெண்டாம் வயரையும் மூண்டாம் வயரையும் மாத்திப் போட்டிரிக்கு எண்டு உன்ட அம்மாட்டச் சொல்லு!”

சவர்க்கார நுரை முகத்தோடு நின்று கத்திய மனிசனைப் பார்த்து மேனுகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புஸ்பம் சிரிக்கவில்லை. வயர்களை மாற்றிப் பூட்டினாள். ஒரு சுற்று. எஞ்சின் பிடித்து, முழங்கி, பிறகு மெதுவாக ஒரு சீராக வந்தது. கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றுபோயிற்று. அவர் வந்து கிட்ட நின்று பார்ப்பார் என்று புஸ்பம் எதிர்பார்த்தாள். வரவில்லை. துவாயைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாப்பிடும்போது, இரும்புக்காரன் வருவது வருவதுதான் என்று மகள் மூலம் செய்தி வந்தது.

அன்றுதான் புஸ்பத்தின் மனம் உடைந்தது. ஓடினாலும் விற்பார். அப்படியென்றால் அவர் விற்பது வண்டியை அல்ல. தன்னை அவரோடு கட்டி வைத்திருக்கிற கடைசிக் கயிற்றையே வெட்டுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. வீடு அவளுடையது, ஆனால் அவர் மனதில் அவளுக்கு ஒரு மூலைகூட இல்லை. அவள் அழுதாள், சத்தமில்லாமல், மகள் கேட்காதபடிக்கு.

வியாழன் மத்தியானம் ஒருவன் படலையைத் திறந்தான். ஒல்லியாக, தாடியோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஒரு நாள் முந்தியே விட்டுவிட்டார்களாம்; மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறி, துறை கடந்து நேரே வந்திருக்கிறான். நிதுர்ஷன்! புஸ்பம் மூடியையும் ரோட்டரையும் கழற்றிப் பொயின்றைக் கடைசித் தரம் துடைத்துக்கொண்டு நின்றவள், கறுப்புக் கையோடேயே அவனைக் கட்டிக்கொண்டாள். மேனுகா தண்ணீர் கொண்டுவர ஓடினாள். கனகசிங்கம் வட்டையில்.

அவன் வண்டியைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தான். மூடி கழன்றிருந்த இடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்டைக்கும் இப்பிடித்தான் கழட்டினீங்களா மாமி?” என்று மெல்லக் கேட்டான்.

புஸ்பம் ரோட்டரைச் செருகினாள். மூடியை எடுத்து அவசரமாகப் பூட்டப் போனாள்.

“அவன்கள் வந்தான்களா, வண்டியக் கேட்டு?”

“இல்ல தம்பி. அலைதானே வந்தது. நீ முதல்ல குளிச்சிற்றுச் சாப்பிடு.”

அவன் நகரவில்லை. எதையோ கூட்டிப் பார்க்கிறவன்போல நெற்றியைச் சுருக்கினான். “அப்ப… அம்மாவ இதில ஏத்தக்குள்ள அந்தச் சாமான் பூட்டியிருந்ததா மாமி?”

“பூட்டித்தான் இருந்தது.”

தண்ணீர்ச் செம்போடு வந்த மேனுகா அப்படியே நின்றுவிட்டாள். ஆறு வருசம் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே தூது போனவள் அவள். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் தாயில் ஒரு குறை வைத்திருந்தவள். அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

“மச்சான்… ரோட்டரக் கழட்டச் சொன்னது நீங்களா?”

பிறகு மறைக்க என்ன இருக்கிறது? சுனாமிக்கு முதல்நாள் அவன் ஒருவருக்கும் தெரியாமல் வட்டைக்கு வந்து மாமியைக் கண்டிருந்தான். நாளை காலை தன்னுடைய இயக்கத்து ஆட்கள் துவக்கோடு வருவார்கள், பிக்கப்பையும் அதை ஓட்ட மாமாவையும் காட்டுக்குக் கொண்டுபோவார்கள், முந்திக் கொண்டுபோன சாரதிகள் இரண்டு பேர் இன்னும் திரும்பவில்லை என்றான். வண்டி ஓடாவிட்டால் விட்டுவிடுவார்கள். ரோட்டரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள் என்று சொன்னவன் அவன்தான். தான் சொன்னது வெளியே தெரிந்தால் தன்னை உயிரோடு விடமாட்டார்கள், மாமாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அவருக்கும் சொல்லாதீர்கள் என்று காலைப் பிடித்தான். மண்டூர் முருகன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். அலையில் காயப்பட்ட தாய், மாமாவின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போனாள் என்று மட்டும்தான் பிறகு அவனுக்குச் செய்தி கிடைத்தது.

அவன் நிலத்தில் குந்திவிட்டான். “நான்தானா மாமி… என்ட அம்மாவ நானா…”

“வாய மூடு.” புஸ்பம் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “காயம் பெரிசு தம்பி. அந்த ரெண்டு மணித்தியாலம் கிடைச்சிருந்தா அவள் பிழைச்சிருப்பாளா எண்டு எனக்குத் தெரியா, ஒருத்தருக்கும் தெரியா. நீ உன்ட மாமாவக் காப்பாத்தப் பாத்தாய். அதுதான் எனக்குத் தெரியும். மாமாட்ட ஒண்டும் சொல்லாத. அவர் என்னைக் கோவிச்சது கோவிச்சதா இருக்கட்டும்.”

மேனுகா செம்பைக் கீழே போட்டுவிட்டுத் தாயின் தோளில் விழுந்து அழுதாள். “என்னையும் மன்னிச்சுக்கோங்கம்மா…” என்பதைத் தவிர அவள் சொன்ன வேறொன்றும் விளங்கவில்லை.

ஆனால் சொல்லாமல் இருக்க நிதுர்ஷன் ஒத்துக்கொள்ளவில்லை. பொழுது சாயக் கனகசிங்கம் மண்வெட்டியோடு வந்தார். மருமகனைக் கண்டதும் மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அவன் அவர் கைகளை விலக்கி, முற்றத்தில் நின்றபடியே, புஸ்பம் வேண்டாம் வேண்டாமென்று தலையாட்ட ஆட்ட, ஒன்றுவிடாமல் சொன்னான்.

கனகசிங்கம் கேட்டு முடித்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு, மகளின் பக்கம் திரும்பாமல், நேராகப் புஸ்பத்தைப் பார்த்தார்.

“ஏன் புஸ்பம்… ஏன் நீ எனக்குச் சொல்லல்ல?”

ஆறு வருசத்துக்குப் பிறகு அவள் பெயர் அவர் வாயில் வந்தது. அவள் உருகிப்போவாள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது, வர வேண்டிய கோபம்.

“நீங்க எங்க கேட்டீங்க? ‘நீயா’ எண்டு கேட்டீங்க, ஓமெண்டன். ‘ஏன்’ எண்டு கேட்டீங்களா? ஆறு வருசத்தில ஒரே ஒரு நாள் ‘ஏன்’ எண்டு கேட்டிருந்தீங்கண்டா, சத்தியத்தையும் மறந்து உங்கட காலடியில கொட்டியிருப்பன். வெள்ளிக்கு வெள்ளி அந்த ஹாண்டிலச் சுத்தக்குள்ள, இண்டைக்குக் கேப்பார், இண்டைக்குக் கேப்பார் எண்டு… ஊர் நினைச்சது எனக்குப் பெரிசில்ல. நீங்களும் நினைச்சீங்களே. தங்கச்சிட உசிரக் குடிச்சவள் எண்டு நினைச்சுக்கொண்டு என்ட கையாலயே சோறு திண்டீங்களே… நான் அப்பிடிப்பட்டவளா? நேசம் எனக்கு ஆர் எண்டு உங்களுக்குத் தெரியாதா?”

கனகசிங்கத்தின் பெரிய உடம்பு குலுங்கியது. மன்னிப்புக் கேட்கவும் அந்த மனிசனுக்குத் தெரியவில்லை. கீழே குனிந்து அவள் கறுப்புக் கைகளை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தவள், அவர் கண்ணீர் விரலில் பட்டதும் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இரும்புக்காரன் உழவு இயந்திரத்தோடு வந்தான். அப்போது கனகசிங்கம் வண்டிக்குக் கீழே படுத்துக் கிறீஸ் அடித்துக்கொண்டிருந்தார். தலையை வெளியே நீட்டி, “இது மனிசிட வாகனம். அவட்டக் கேளு” என்றார். புஸ்பம் பார்த்த பார்வையில் அவன் கேட்கவே இல்லை, வந்த வழியே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறாம் திகதி. துறையால் போகலாம் என்று மேனுகா சொன்னாள். கனகசிங்கம் கேட்கவில்லை. முதிரைக் குற்றிகளை எடுத்து வண்டியை நிலத்தில் இறக்கினார். ஹாண்டிலைத் தானே சுற்றினார், பெருவிரலை முறைப்படி வைத்து. புஸ்பத்தை முன்னால் தன் பக்கத்தில் ஏற்றினார். பிள்ளைகள் இரண்டு பேரும் பின்தட்டில். வாவியைக் குறுக்கே கடக்கும் தாழ்வான கிட்டங்கித் தாம்போதியில் முழங்காலளவு மாரித் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் கரையில் காத்துக்கிடக்க, ஐம்பது வயது கடந்த அந்தக் கிழட்டு வண்டி முக்காமல் முனகாமல் தண்ணீரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போனது. நின்றவர்கள் கை தட்டினார்கள். “பிறேக் நல்லாப் பிடிக்குது” என்றார் கனகசிங்கம் ரோட்டைப் பார்த்தபடி. அவரால் அப்போதைக்குச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். புஸ்பத்துக்கு அது விளங்கியது.

கல்லாற்றுக் கடற்கரையில் சொந்தங்கள் கூடியிருந்தார்கள். பிக்கப்பைக் கண்டதும் கதை நின்றது. அதிலிருந்து இறங்கியவளைக் கண்டதும் முகங்கள் திரும்பின. நேசம்மாவின் புருசனுக்குத் தமையன் சாமித்தம்பி, வாய்க்குப் பூட்டில்லாத மனிசன், எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“இவளையுமா கூட்டிக்கொண்டு வந்த?”

“ஓம், இவளத்தான்.” கனகசிங்கத்தின் குரல் கடல் இரைச்சலுக்கு மேலால் வந்தது. “இவள் அதக் கழட்டினது என்னைக் கொண்டுபோக இருந்தவன்களிட்ட இருந்து என்னைக் காப்பாத்த. சொல்லிக் குடுத்தவன்ட உசிருக்காக ஆறு வருசம் வாய மூடிக்கொண்டு இருந்தவள். இவள்ள ஒரு பிழையும் இல்ல. ஏன் எண்டு கேளாம விட்டனே, நான்தான் பிழை. இனி ஆரும் கதைக்கிறெண்டா என்னோட கதைங்க.”

சாமித்தம்பி தலையைக் குனிந்துகொண்டு வழி விட்டார். வழக்கமாக அண்ணன்தான் முதல் விளக்கு வைப்பது. அவர் கொளுத்திய விளக்கைப் புஸ்பத்தின் கையில் கொடுத்து, “நீ வை” என்றார்.

கல்லில் வெட்டியிருந்த பெயர்களுக்குள் நேசம்மாவின் பெயரைத் தேடி அவள் குந்தினாள். ஐந்து மார்கழியும் வீட்டில் தனியே இருந்து, நேசத்திடம் சொல்வதற்கென்று அவள் எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். என் மேல் பிழையில்லை என்று சொல்ல நினைத்ததும் அதில் ஒன்று. இப்போது அதொன்றையும் எடுக்காமல் விளக்கைக் கல்லடியில் வைத்தாள். கடற்காற்றில் விளக்கு அணையப் பார்த்தது. பின்னால் நின்ற நிதுர்ஷன் குனிந்து கையால் மறைத்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினாள்.

“மச்சாள்… உன்ட பொடியன் வந்திட்டான். கை கால் எல்லாம் சுகமாத்தான் இரிக்கான். இந்தா, பார்.”